நிழலிலிருந்து வெயிலுக்கு

செடியிலிருந்து வெட்டிய குச்சி ஒன்று மண்ணில் ஊன்றப்பட்டு, வேர்விட்டு, தனிச் செடியாவது இயற்கையின் எளிய செயல்களுள் ஒன்று. குண்டுமல்லி, செம்பருத்தி, மருதாணி, நந்தியாவட்டை, அத்தி, திராட்சை என நம் வீட்டுப் புறங்களில் நிற்கும் செடிகள் பலவும் இவ்வாறு ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குக் குச்சியாகச் சென்று குடியேறியவையே. பெருநாளுக்கு முன் மருதாணி பறிக்க வரும் அண்டை வீட்டுப் பெண்கள் இலையோடு ஒரு குச்சியையும் கேட்டு வாங்கிச் செல்வதை நம் ஊர்களில் யாவரும் கண்டிருப்போம்.

ஆயின், குச்சியை வேர்விடச் செய்தல் ஒரு பாதி வேலையே. வேர்விட்ட குச்சியை நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்து வெயிலிலும் காற்றிலும் நிலைபெறச் செய்தல் மறுபாதி. முதற்பாதியில் வெல்வோர் பலர். மறுபாதியில் தோற்போரும் பலர். துறைக் கட்டடத்தின் பின்புறம், நீர்த்தொட்டியை ஒட்டிய சிறு நிலத்தில் ஆண்டுதோறும் இவ்வேலையைச் செய்துவரும் நாம், அம்மறுபாதியைப் பற்றிச் சில எண்ணங்களை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தளிர் தரும் மயக்கம்

குச்சி வேர்விடும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். மிக இளைய கொம்பு அழுகிவிடும். மிக முற்றிய கொம்பு வேர்விடத் தயங்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட, பென்சில் பருமனுள்ள கொம்பைத் தேர்ந்து, ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுகிறோம். அடியிலைகளைக் களைந்து, மேலே ஓரிரு இலைகளை மட்டும் விட்டு, ஈரமணலில் ஊன்றுகிறோம். வேரில்லாக் குச்சியால் போதிய நீரை உறிஞ்ச இயலாது; இலையோ நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு மிகுந்த அந்நிலையில் குச்சி வாடாமல் இருக்கவே நிழலும் ஈரக்காற்றும் தேவைப்படுகின்றன. இலைகளிலும் நுனியரும்புகளிலும் தோன்றி அடிநோக்கி இறங்கும் ஆக்சின் என்னும் வளரூக்கி வெட்டுவாயின் அருகே வேர்முளைகளைத் தூண்டுகிறது. நாற்றுப் பண்ணைகளில் குச்சியின் அடியை இண்டோல் பியூட்ரிக் அமிலத்தில் தோய்த்து நடுவது இத்தூண்டுதலை மிகுவிப்பதற்கே.

ஊன்றிய பத்துப் பதினைந்து நாளில் கணுக்களில் பசுந்தளிர் தலைகாட்டும். பலர் ஏமாறும் இடம் இதுவே. தளிர் வந்துவிட்டது, செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, குச்சியைப் பெயர்த்து வெயிலில் வைப்பர். மறுநாள் மாலைக்குள் தளிர் தலை சாய்ந்துவிடும். நம் தோட்டத்தைப் பேணிவரும் முதியவர் ஒருவர், பள்ளிப் படிப்பு இல்லாதவர், இதனை நமக்கு விளக்கிய விதம் எப்பாடநூலிலும் நாம் காணாதது.

“இலையப் பாத்து ஏமாந்துராதீங்க சார். அது பழைய சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சது. கீழ வேரு எறங்கிச்சான்னு பாக்கணும்.”

குச்சி தன் தண்டில் முன்பே சேமித்து வைத்திருந்த மாவுப்பொருளைச் செலவிட்டே முதல் தளிரை விடுகிறது என்பதும், அவ்வேளையில் கீழே ஒரு வேர்கூட இல்லாதிருக்கலாம் என்பதும் அறிவியல் உண்மை. அதனைப் ‘பழைய சோறு’ என்ற இரண்டே சொற்களில் அவர் அடக்கிவிட்டார்.

“அப்படியானால் வேர் இறங்கியதை எப்படி அறிவது, பெரியவரே? பிடுங்கிப் பார்க்கலாமா?” என்று கேட்டோம்.

“பிடுங்கிப் பாத்தா இருக்குற வேரும் அந்து போயிரும் சார். ரெண்டு வெரலால லேசா மேல இழுத்துப் பாருங்க. மண்ணு விடாமப் புடிச்சுக்கிட்டா வேரு இருக்கு. விட்டுச்சுன்னா திரும்ப அமுக்கி வச்சுட்டுச் சும்மா இருங்க.”

‘சும்மா இருங்க’ என்ற அறிவுரையே கடைப்பிடிக்கக் கடினமானது என்பதைச் செடி வளர்ப்போர் அறிவர். பிள்ளை வளர்ப்போரும் அறிவர்.

இளவேனில் எது?

மேலை நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் யாவும், குளிர்காலத்தில் வீட்டினுள் வேர்விட்ட குச்சிகளை இளவேனிலில் வெளியே கொண்டுவருக என்று கூறும். அந்நாடுகளில் அது முற்றிலும் பொருந்தும். கடைசி உறைபனி நீங்கி, மண் வெம்மை பெற்று, பகல் நீளும் காலம் அது. நம் நீலகிரியிலும் பனிக்காலம் கழிந்தபின் தொட்டிச் செடிகள் வெளியேறுவதைக் காணலாம்.

ஆயின், சமவெளியில் வாழும் நாம் அவ்விதியை அப்படியே ஏற்றல் இயலுமா? தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுள் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆம். பெயரில் இளமை இருப்பினும், அக்கினி நட்சத்திரம் என நாம் அஞ்சும் கடுங்கோடை நாட்கள் அவ்விரு திங்களுக்குள்ளேயே அடங்குகின்றன. மதுரையிலோ திருச்சியிலோ வேலூரிலோ அந்நாட்களில் புதிதாக வேர்விட்ட மல்லிகைக் குச்சியை வெட்டவெளியில் நடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். நம் உழவர் ஆடிப்பட்டம் தேடுவர். மல்லிகையை நடுவதற்கு ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை என்று வேளாண்மைத் துறையினரும் பரிந்துரைப்பர். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு வேண்டும் நாற்றுகளுள் பெரும்பகுதி, இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து மணற்பாங்கான நிலத்தில் வேர்விட்டவை. கடற்கரை மணலில் பிறந்து, வைகைக் கரை மண்ணில் மணப்பவை அவை. மழையின் துணையும் மேகத்தின் நிழலும் கிடைக்கும் காலத்தில் நடப்படுவதாலேயே அவ்வளவு பெரிய இடமாற்றத்தை அவை தாங்குகின்றன.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தார் நன்கறிந்த ஒரு சொல்லை நினைவுகூர விரும்புகிறோம். ‘ரபீஉ’ என்னும் அரபுச் சொல்லுக்கு இளவேனில் என்பது பொருள். ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என இரு மாதங்கள் அப்பெயர் தாங்கி நிற்கின்றன. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு பிறையை அடியொற்றியது. கதிரவன் ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆகவே, ரபீஉல் அவ்வல் ஒருகால் கடுங்கோடையிலும், மற்றொருகால் கார்த்திகை மழையிலும், பிறிதொருகால் மார்கழிப் பனியிலும் வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. பெயரளவில் இளவேனில் இருப்பதனாலேயே பருவம் வாய்த்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வேர் இறங்கியிருத்தலும், வெளியே மண்ணும் காற்றும் இணக்கமாயிருத்தலும் ஒருங்கே கூடும் நாளே ஒரு கன்றின் இளவேனில். அது தொட்டிக்குத் தொட்டி வேறுபடும்.

வெயிலுக்குப் பழக்குதல்

பருவம் வாய்த்தபின்னும் கன்றை ஒரே நாளில் வெளியேற்றுதல் ஆகாது. முதல் இரண்டு மூன்று நாள் இளங்காலை வெயிலில் ஒரு மணி நேரம். அடுத்த மூன்று நாள் இரண்டு மணி நேரம். பின்னர் நண்பகல் நெருங்கும்வரை. இறுதியாக ஒரு முழுநாள். இவ்வாறு ஏழு முதல் பத்து நாள் பழக்கிய பின்னரே தரையில் நடுகிறோம். நடுவதும் மாலை வேளையில்தான். இரவு முழுதும் கன்று இளைப்பாற வேண்டும் என்பதற்காக. ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பிறக்கும் வாழைக் கன்றுகளையும் நிழல்வலைக் குடிலில் வாரக்கணக்கில் வைத்துப் பழக்கிய பின்னரே உழவருக்கு வழங்குகின்றனர். ‘கடினப்படுத்துதல்’ என்று அதற்குப் பெயரிட்டுள்ளனர். சொல் கடினமாயினும் செயல் மென்மையானதே.

இதன் காரணம் இலையில் உள்ளது. நிழலில் பிறந்த இலை அகன்றும் மெலிந்தும் இருக்கும். அதன்மேற் படர்ந்துள்ள மெழுகுப் பூச்சு மிக மெல்லியது. ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலையின் துளைகள், வறண்ட காற்று வீசும்போது விரைந்து மூடிக்கொள்ளப் பழகியிரா. வெயிலில் பிறக்கும் இலையோ சிறியது, தடித்தது, மெழுகு மிகுந்தது. நிழலில் முதிர்ந்த இலை வெயிலிலையாக முழுதும் மாறுவதில்லை. அது மஞ்சளித்து உதிர்ந்துவிடுவதும் உண்டு. உதிர்ந்த அவ்விடத்திற்கு மேலே, வெயிலுக்கேற்ற புதிய இலை பின்னர் எழும்.

எனவே, வெளியே வைத்த கன்று இலையுதிர்த்தால், பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிதல் கூடாது. தண்டின் தோலை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். நீர் ஊற்றிக் காத்திருத்தலே நம் கடமை.

நிழலிலேயே நெடுங்காலம் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதும் அறியத்தக்கது. தொட்டியினுள் வேர் போக்கிடமின்றி உட்சுவரையே சுற்றிச் சுற்றிச் சுருளும். பார்வைக்குக் கன்று நலமாகவே தோன்றும். ஆயின் ஓரளவிற்கு மேல் வளராது. காலம் கடந்து நல்ல நிலத்தில் நட்டாலும், சுருண்ட வேர் பழைய தொட்டியின் வட்டத்தை எளிதில் விட்டு வெளியேறுவதில்லை. வெயிலில் வைத்துச் செடியைக் கொன்றவரை ஊர் பழிக்கும். நிழலில் வைத்துக் குறுகச் செய்தவரை யாரும் பழிப்பதில்லை.

முந்நூறு பேரீச்சங்கன்றுகள்

இறுதி நாள் வந்துவிடும் வேளையிலும், கையில் ஒரு கன்று இருந்து, அதனை நட இயலுமாயின் நட்டுவிடுக என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் யாவரும் அறிவோம். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பெறும் அம்மொழியில் கன்றைக் குறிக்க வந்துள்ள சொல் ‘ஃபஸீலா’ என்பதாகும். பேரீச்சை மரத்தின் அடியில் கிளைத்து, தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் பக்கக்கன்றை அச்சொல் குறிக்கும்.

பேரீச்சையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. விதையிட்டு வளர்த்தால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிக் காய்ப்பற்றுப் போகும். பெண் மரங்களும் தாயின் சுவையைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, பக்கக்கன்றின் அடியில் மண் அணைத்து, அது தனக்கென வேர்விட்டபின், மூன்று முதல் ஐந்து ஆண்டு வளர்ச்சி கண்ட நிலையில் பிரித்து, இளவேனிலிலோ கோடை தணிந்த பின்னோ நடுவர். நட்டபின் ஓலைகளை ஒன்றாகக் கட்டி, வெயிலும் வெங்காற்றும் தாக்காதவாறு சாக்கினாலோ ஓலையினாலோ சுற்றி, உச்சியை மட்டும் திறந்துவிடுவர். உள்ளிருந்து புதுக்குருத்து எழுவதே கன்று பிழைத்தது என்பதற்கு அடையாளம். 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியா என்று அரபியர் வழங்கிய செவில் நகரத்தவரான இப்னுல் அவ்வாம், தமது வேளாண் நூலில் குச்சி நடுதல், பதியமிடுதல், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றை விரித்துரைத்துள்ளார். கன்றைப் பிரித்து நடும் கலை நம் முன்னோர் போற்றிய கல்வித்துறைகளுள் ஒன்றாகவும் விளங்கியது.

பாரசீகத்திலிருந்து வந்து மதீனாவில் அடிமைப்பட்டிருந்த சல்மான் (ரலி) அவர்களின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. அவர்தம் விடுதலைக்கு விலையாக 40 ஊகியா பொன்னும், 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுப் பிழைக்க வைத்தலும் நிபந்தனையாயின. உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூற, தோழர்கள் முப்பதும் இருபதும் பதினைந்தும் பத்துமாக, தத்தம் வசதிக்கேற்பக் கன்றுகளைக் கொணர்ந்தனர். குழிகளைத் தோண்டி முடித்ததும் தம்மிடம் கூறுமாறு சல்மானைப் பணித்த நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர்த் தாமே வந்து தம் திருக்கரத்தால் நட்டனர். அவற்றுள் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்பது வரலாறு. ஒரு மனிதனின் விடுதலை முந்நூறு கன்றுகள் வேர்பிடிப்பதைச் சார்ந்திருந்தது. அதற்கு ஒரு சமுதாயமே கை கொடுத்தது.

நாற்றங்காலின் கடமை

கல்லூரி ஒரு நாற்றங்கால் என்று விழா மேடைகளில் பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். கன்றை உரிய காலத்தில் வெளியே அனுப்பும் வரையில் நாற்றங்காலின் கடமை முடிவதில்லை என்பதையும் உடன் சேர்த்துக் கூறுதல் வேண்டும். நாம் கண்ட மூவரைப் பற்றி மட்டும் ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

குடும்பத்தில் முதற் பட்டதாரியான மாணவர் ஒருவர், நம்மிடம் இளங்கலை முடித்து முதுகலை பயிலச் சென்னை சென்றார். இருபதாம் நாள் பெட்டியுடன் திரும்பி வந்துவிட்டார். விடுதி உணவு ஒவ்வவில்லை. வகுப்பில் பிறர் பேசிய பேச்சு புரியவில்லை. பேச ஒரு முகம் வாய்க்கவில்லை. “படிப்பு அவனுக்கு ஒட்டாது, கடையில் உட்காரட்டும்” என்று ஊர் தீர்ப்பளித்தது. அவருடைய அத்தா நம்மைத் தேடி வந்து, “எங்க தலைல இவ்வளவுதான் எழுதியிருக்குன்னு விட்டுறவா சார்?” என்று கலங்கினார். ஓராண்டு பொறுக்குமாறு வேண்டினோம். அம்மாணவர் காலையில் கடையிலும் மாலையில் நம் துறை நூலகத்திலும் இருந்தார். மறு ஆண்டு, மாலையில் வீடு திரும்பும் தொலைவிலிருந்த வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். அதன்பின் சென்னைக்கே ஆய்வு மாணவராகச் சென்றார். முதலில் உதிர்ந்தது நிழலிலை. உள்ளே பச்சை இருந்தது.

கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருவர், பெயர் சொல்லி அழைத்தாலே குரல் நடுங்குபவர். முதற்பருவத்தில் வகுப்பில் ஒரு செய்யுளை வாய்விட்டுப் படித்தார். அடுத்த பருவத்தில் துறை மன்றத்தில் ஐந்து நிமிடம் பேசினார். இரண்டாம் ஆண்டில் கல்லூரி மீலாது விழாவில் உரையாற்றினார். மூன்றாம் ஆண்டில் வெளியூர்ப் பேச்சுப் போட்டிக்கு அனுப்ப வீட்டார் தயங்கியபோது, அவருடைய ராத்தாவும் துணைக்கு வரட்டும் என்றோம். வந்தார், தங்கை பேசக் கேட்டுக் கண் கலங்கினார். இன்று அம்மாணவி அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. ராத்தாவின் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப இப்போது யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாமவர், நாம் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் பயின்றவர். யாப்பிலக்கணத்தை விளையாட்டாகக் கற்றவர். தேர்வில் முதலிடம் பெற்றவர். மேலே படிக்க வைக்குமாறு வீட்டாரிடம் இருமுறை எடுத்துரைத்தும் இசைவு கிடைக்கவில்லை. அவர்கள் கொடியவர் அல்லர், மகள்மீது பேரன்புடையவர். அன்பினால் தந்த நிழல் அது. அண்மையில் அவர் தம் மகளைச் சேர்க்கக் கல்லூரிக்கு வந்தார். விண்ணப்பப் படிவத்தை மகள் நிரப்பிக்கொண்டிருக்க, அவர் நூலக அடுக்குகளுக்கிடையே சென்று, பழைய யாப்பருங்கலக் காரிகைப் பதிப்பொன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் நின்றார். “தளை எல்லாம் இன்னும் நினைவிருக்கு சார்” என்று மட்டும் கூறிவிட்டு நூலை இருந்த இடத்திலேயே வைத்தார். நமக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

சமுதாயப் பெரியோர்க்கு நாம் பணிந்து கூறுவது இது: நம் பிள்ளைகளை ஒரே நாளில் வெயிலில் தள்ளுமாறு எவரும் கேட்கவில்லை. வேர் இறங்கியதை அறிந்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் கூட்டி, துணை தந்து அனுப்புக என்பதே வேண்டுகோள். சல்மான் (ரலி) அவர்களுக்குத் தோழர்கள் கொணர்ந்த முப்பதும் பத்தும் போல, ஒருவர் கல்விக்கட்டணம் தரலாம். ஒருவர் வெளியூரில் தங்க நம்பிக்கையான இடம் காட்டலாம். ஒருவர் முதல் நாள் பேருந்து நிலையம் வரை உடன் செல்லலாம். மாணவர்க்குக் கூறுவது: மதிப்பெண் என்னும் தளிர் கண்டு மயங்காதீர், வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து எழுந்த தளிரும் பழைய சோற்றில் எழுந்ததே. மூலநூலை நீங்களே படிக்கும் பழக்கமே வேர். ஆசிரியராகிய நமக்கு நாமே கூறிக்கொள்வது: பிடுங்கிப் பார்க்க வேண்டா, விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தலே போதும்.

துறைத் தோட்டத்தில் மல்லிகையும் மருதாணியுமாக நாற்பது குச்சிகள் வேர்விட்டுள்ளன. ஆடி பிறந்து முதல் மழை மண்ணை நனைத்தபின், விரும்பும் மாணவர் ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்லலாம். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், நடுவது மாலையில். பழைய இலை உதிர்ந்தால் அஞ்ச வேண்டா. புதுக்குருத்து எழுந்ததும் நம்மிடம் வந்து ஒரு சொல் கூறிச் செல்லுங்கள்.